சிபாரிசு செல்லாத வாசல்

2021 நவம்பர் 14ஆம் தேதி நடந்த தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 5,75,856 பேர். அவர்களில் 1,77,654 பேர் பெண்கள். பெண்களுக்கு அந்தத் தேர்வு திறந்துவிடப்பட்டது அதுவே முதல்முறை. எழுத்துத்தேர்வில் தேறியவர்கள் 8,009. இடங்கள் 400.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் நீட், ஐ.ஐ.டி. போல இன்னொரு போட்டித்தேர்வு என்றே தோன்றும். மதிப்பெண் பட்டியலைப் புரட்டினால் கதை வேறு. சமீப ஆண்டுகளில் இந்த எழுத்துத்தேர்வின் தகுதி மதிப்பெண் 900க்கு ஏறத்தாழ 290 முதல் 360 வரைதான். நேர்முகமும் சேர்ந்த இறுதிப் பட்டியலில் கடைசி இடம் பிடித்தவர் வாங்கியிருப்பது 1,800க்கு 650 முதல் 730 வரை. நூற்றுக்கு நாற்பது எடுத்தவர் நாட்டின் முதன்மையான ராணுவ அகாடமிக்குள் நுழைகிறார். ஒற்றை மதிப்பெண்ணில் மருத்துவ இடத்தைத் தவறவிடும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது நம்பமுடியாத சலுகையாகப் படலாம். சலுகை எதுவும் இல்லை. எழுத்துத்தேர்வு கூட்டத்தைக் குறைப்பதற்கு மட்டுமே. முடிவு செய்வது அதற்குப் பிறகு ஐந்து நாள் நடக்கிற பணித் தேர்வு வாரியம். எஸ்.எஸ்.பி. என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஐந்து நாள் வாசலில் யாருடைய சிபாரிசும் செல்லாது. சுதந்திர இந்தியா கட்டிக்காத்த நல்ல மரபுகளில் இதையும் ஒன்றாகச் சொல்வேன். ஆனால் அந்த வாசலுக்குப் போகிற பாதை பத்து, பதினொரு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பாதையின் முக்கியமான திருப்பங்களில் ஆங்கிலமும் இந்தியும் தவிர வேறு மொழி கிடையாது. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் வாசலில் அன்று. அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே பாதையில் நின்றுவிடுகிறார்கள்.

சிபாரிசு இல்லாத நிலை தானாக வந்துவிடவில்லை. 1918இல்தான் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் என்று ஒதுக்கினார்கள். அந்தப் பத்துப்பேரைத் தேர்ந்தெடுக்கும்போது குடும்பத்தின் அந்தஸ்தும் அரசிடம் காட்டிய விசுவாசமும் எடைபோடப்பட்டன. ‘போர்க்குலம்’ என்று ஆங்கிலேயர் வகுத்துவைத்த பட்டியல் வேறு இருந்தது. 1880களில் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ், தென்னிந்தியச் சிப்பாய்கள் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்ற எண்ணத்தை வளர்த்துவிட்டுப் போனவர். பின்னாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியான பி.பி. குமாரமங்கலம் எந்த வழியாக ராணுவத்துக்கு வந்தார் என்று பார்த்தாலே அந்தக் காலத்தின் கதவு எவ்வளவு குறுகலானது என்பது புரியும். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி. சுப்பராயனின் மகன் அவர். படித்தது ஈட்டனிலும் உல்விச் ராணுவ அகாடமியிலும். அவருடைய திறமையில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே திறமையோடு திருச்செங்கோட்டில் பிறந்த ஒரு நெசவாளி மகனுக்கு அன்று வழியே இல்லை.

இந்தியாவுக்குச் சொந்தமாக ஒரு ராணுவக் கல்லூரி வேண்டும் என்று 1925–26இல் ஸ்கீன் குழு பரிந்துரைத்தது. 1932 அக்டோபர் முதல் தேதி டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி நாற்பது பேருடன் தொடங்கியது. 15 பேர் போட்டித்தேர்வு வழியாகவும், 15 பேர் சிப்பாய்களிலிருந்தும், 10 பேர் சமஸ்தானப் படைகளிலிருந்தும் வந்தார்கள். சாம் மானெக்‌ஷா அந்த முதல் அணியில் ஒருவர். சமஸ்தானக் கணக்கு பிறகு காலாவதியானது. போட்டித்தேர்வும் சிப்பாய் வழியும் இன்றும் இருக்கின்றன.

ஐந்து நாள் தேர்வுமுறையோ உலகப்போரின் நெருக்கடியில் பிறந்தது. முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி, அதிகாரிகளைப் பொறுக்கியெடுப்பதற்கு உளவியலாளர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. பிரிட்டனில் பழைய முறைப்படி சிறிது நேரம் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்களில் பலர் பயிற்சியில் தேறாமல் திரும்பினார்கள். நல்ல உச்சரிப்பும் நல்ல பள்ளியும் போர்க்களத்தில் உதவாது என்பது அப்போது உறைத்தது. 1942இல் அங்கே போர்க்கால அதிகாரித் தேர்வு வாரியங்கள் வந்தன. தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் ஒரு வேலையைக் கொடுத்து, யார் எப்படி நடந்துகொள்கிறார் என்று தள்ளி நின்று கவனிக்கும் உத்தியை வில்ஃப்ரெட் பியான் என்ற மனநல மருத்துவர் வகுத்தார். 1943இல் அந்த முறை டேராடூனுக்கு வந்துசேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பின் அதை வளர்க்கும் பொறுப்பு, இப்போது டெல்லியில் பாதுகாப்பு உளவியல் ஆய்வு நிறுவனமாக இருக்கும் அமைப்புக்குப் போனது. பிரிட்டிஷார் விட்டுப்போனவற்றுள் நாம் தூக்கியெறிந்திருக்க வேண்டியவை பல உண்டு. இதை வைத்துக்கொண்டது சரியான முடிவு.

எல்லா ஜனநாயக நாடுகளும் இப்படிச் செய்வதில்லை. அமெரிக்காவின் வெஸ்ட்பாயின்ட், அன்னபோலிஸ், கொலராடோ ஸ்பிரிங்ஸ் அகாடமிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்குப் பள்ளி மதிப்பெண்ணும் உடல்தகுதியும் இருந்தால் மட்டும் போதாது. ஒரு செனட்டரோ, பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ, துணை ஜனாதிபதியோ அவரை முன்மொழிய வேண்டும். ராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஜனாதிபதியின் பெயரில் தனி வழி உண்டு. ஓர் உறுப்பினரின் கணக்கில் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் இருக்கலாம். எல்லாப் பகுதிகளிலிருந்தும் அதிகாரிகள் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். பல உறுப்பினர்கள் குழு அமைத்து நேர்மையாகவே முன்மொழிகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் நம் ஊரில் கேடட் ஆவதற்கு எம்.பி.யின் கடிதம் தேவை என்று ஒரு விதி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் இருக்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு, அல்லது படித்துக்கொண்டிருப்பவருக்கு, புணேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. தரைப்படைக்கு எந்தப் பாடப்பிரிவும் சரி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். கணிதத் தாளுக்கு 300, பொதுத்திறன் தாளுக்கு 600 மதிப்பெண். அந்த 600இல் 200 ஆங்கிலத்துக்கு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும். மூன்று ஆண்டுப் படிப்புக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். பிறகு டேராடூன், எழிமலை, துண்டிகல் என்று அவரவர் படைக்குரிய அகாடமியில் தொடர்பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் அரசு செலவு; கைச்செலவுக்கு மட்டும் வீட்டிலிருந்து தர வேண்டும்.

பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ். என்ற தேர்வு. சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு இதன் வழியாகப் போகிறவர்களுக்குக் கணிதத் தாளே கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். வரலாறு, தமிழ், வணிகவியல் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழை ‘பி’ கிரேடுக்குக் குறையாமல் வாங்கிய பட்டதாரிகளுக்கு எழுத்துத்தேர்வே இல்லை, நேராக எஸ்.எஸ்.பி.தான். 1962 சீனப் போருக்குப் பின் அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது, 1963 ஜனவரியில் தொடங்கியது இந்தப் பரங்கிமலை அகாடமி. 1987இல் இலங்கையில் உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் இங்கே பயிற்சி பெற்றவர். மேஜர் முகுந்த் வரதராஜனும் 2006இல் இங்கிருந்துதான் கமிஷன் பெற்றார். அவர் கதையைச் சொல்லும் ‘அமரன்’ படத்தைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்போடு வாய்ப்பு முடிந்துபோயிற்று என்று வருந்துகிற கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தகவல் போய்ச்சேர வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் எஸ்.எஸ்.பி.யைத் தாண்டித்தான் ஆகவேண்டும். பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, மைசூரு எனப் பல ஊர்களில் வாரியங்கள் இருக்கின்றன. ஒரு வகை நுழைவுக்கு முதல்முறை போகிறவருக்கு ரயில் கட்டணத்தை அரசே தருகிறது. போய்ச்சேர்ந்ததும் நெஞ்சிலும் முதுகிலும் கட்டிக்கொள்ள ஓர் எண் தருகிறார்கள். அதன்பின் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பா கர்னலா, கட்டடத் தொழிலாளியா என்பது அந்த எண்ணில் தெரியாது.

முதல் நாளிலேயே பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நுண்ணறிவுத் தேர்வு, அடுத்து ஒரு படம். வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட அந்தப் படத்தை முப்பது விநாடி திரையில் காட்டுவார்கள். யார் யார் தெரிகிறார்கள், என்ன வயது, என்ன மனநிலை என்று குறித்துவிட்டு, நான்கு நிமிடத்துக்குள் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு பதினைந்து பேர் அரைவட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். கடைசியில், எல்லோரும் பேசி ஒரு பொதுக்கதைக்கு வாருங்கள் என்பார்கள். பெரும்பாலான குழுக்களில் அந்த நிமிடமே சந்தைக்கடையாகிவிடும். கையை நீட்டிக் கத்துகிறவர்கள், தன் கதையையே திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள், வாயே திறக்காதவர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர்கள் குறுக்கிட மாட்டார்கள். அந்த இரைச்சலில் அடுத்தவர் சொன்னதைக் காதில் வாங்கி, அதைத் தன் கதையோடு சேர்த்து, இரண்டு வாக்கியத்தில் எல்லோருக்கும் எடுத்துவைக்கிற ஒருவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். மதியத்துக்கு மேல் எண்களைப் படிப்பார்கள். படிக்காத எண்காரர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியேற வேண்டியதுதான். ‘ஸ்க்ரீன் அவுட்’ என்பார்கள் அதை.

எஞ்சியவர்களை மூன்று பேர் மூன்று கோணத்தில் பார்க்கிறார்கள். ஒருவர் கண்டதை மற்றவரிடம் கடைசிநாள்வரை சொல்வதில்லை. உளவியலாளர் தாளில் பார்க்கிறார்: பதினொரு படங்களுக்கும் ஒரு வெற்றுத் திரைக்கும் பன்னிரண்டு கதைகள், பதினைந்து விநாடிக்கு ஒன்றாக அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம், அரைமணி நேரத்தில் அறுபது சூழ்நிலைகள். பிறகு, உங்கள் பெற்றோர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர், நண்பர்கள், நீங்களே என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதச் சொல்வார்கள். நேர்காணல் அதிகாரி பேச்சில் பார்க்கிறார். குழுப்பணி அதிகாரி மைதானத்தில் பார்க்கிறார்.

எனக்கு இந்த மூன்றில் மைதானம்தான் மிக முக்கியமாகப் படுகிறது. தொடக்கக் கோட்டுக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவே சில மரக்கட்டமைப்புகள் நிற்கும். கொடுப்பது ஒரு பலகை, ஓர் உருட்டுக்கட்டை, ஒரு கயிறு, கூடவே தூக்கிப்போக ஒரு சுமை. கோடுகளுக்கு நடுவே நிலத்தில் கால் படக்கூடாது. சிவப்பு அடித்த இடத்தை ஆளும் தொடக்கூடாது, பொருளும் தொடக்கூடாது. நான்கு அடிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. பாலம் போட்டுத்தான் கடக்க வேண்டும். பலகையின் நீளம் எப்போதும் ஒரு சாண் குறைவாகவே இருக்கும். கட்டையைக் கயிற்றால் பிணைத்து நீட்டி, ஒருவர் மறுமுனையில் ஏறி மிதித்து எடை கொடுத்தால்தான் இன்னொருவர் நுனிவரை போகமுடியும். அந்த மறுமுனையில் நின்று எடை கொடுப்பவர் யாருடைய கண்ணிலும் பெரிதாகப் படமாட்டார். ஆனால் அதிகாரியின் குறிப்பேட்டில் அவர் எண் இருக்கும். யோசனை சொன்னது யார், அது உடைந்தபோது அடுத்ததைச் சொன்னது யார், பின்னால் தவிக்கும் பருமனான பையனுக்குத் தோள் கொடுத்தது யார், தன் யோசனை தோற்றதும் முகம் வாடி ஒதுங்கியது யார்? ஒரு மணி நேரக் கேள்வி-பதிலில் இவற்றை மறைக்கலாம். வெயிலில் கயிறு வழுக்கும்போது மறைக்க முடியாது.

ஐந்தாம் நாள் எல்லா மதிப்பீட்டாளர்களும் சீருடையில் உட்கார்ந்திருக்கும் அறைக்கு ஒவ்வொருவராகப் போகிறார்கள். பலருக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மூவரும் தாங்கள் கண்ட பதினைந்து அதிகாரிப் பண்புகளை ஒப்பிட்டு அங்கேதான் முடிவெடுக்கிறார்கள். தேறியவர் எண்ணை மட்டும் படிப்பார்கள். குழுவில் ஒருவருமே தேறாமல் போகிற நாட்களும் உண்டு. இத்தனை இடம் நிரப்பியே ஆகவேண்டும் என்று வாரியத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. தரைப்படையில் மட்டும் ஏழாயிரம், எட்டாயிரம் என்ற அளவில் அதிகாரிகள் பற்றாக்குறை என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்போதும் தரத்தைத் தாழ்த்தி எண்ணிக்கையைக் கூட்டவில்லை. அப்துல் கலாம் விமானப்படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டு இடங்களே இருந்ததால் திரும்பியதை ‘அக்னிச் சிறகுகள்’ படித்தவர்கள் அறிவார்கள். அந்த வாரியம் அளந்தது ஒரு வேலைக்கான பொருத்தத்தை. ஒரு மனிதரின் மதிப்பை அன்று.

இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிராகரிக்கப்பட்டவருக்கு ஏன் என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. இருபது வயதில் ஐந்து நாள் தன்னை முழுவதும் திறந்து காட்டிய ஒரு பிள்ளைக்கு, எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று இரண்டு வாக்கியம் எழுதித் தருவதால் ரகசியம் ஒன்றும் போய்விடாது. அந்த மௌனத்தில்தான் பயிற்சி மையங்கள் பிழைக்கின்றன. எந்தச் சொல்லுக்கு எந்த வாக்கியம், எந்தப் படத்துக்கு எந்தக் கதை என்று மனப்பாடம் செய்யவைத்துப் பணம் வாங்குகிறார்கள். கதையில் வீராதி வீரனாக எழுதியவர் மைதானத்தில் பின்வரிசையில் நின்றால் மூன்று குறிப்புகளும் ஒன்றோடொன்று மோதும். மனப்பாடம் அங்கே காலை வாரிவிடும். ஊழலும் எட்டிப்பார்த்திருக்கிறது. 2021 மார்ச்சில், எஸ்.எஸ்.பி. வழி அதிகாரிச் சேர்க்கையில் லஞ்சம் என்ற குற்றச்சாட்டில் ராணுவ அதிகாரிகள் உட்படப் பலர்மீது மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. மூவர் தனித்தனியே மதிப்பிடும் ஏற்பாடு அத்தகைய கைகளுக்குத் தடையாக நிற்கிறது என்பதால்தான் அதைக் கண்ணும் கருத்துமாகக் காக்க வேண்டும் என்கிறேன்.

எஸ்.எஸ்.பி.க்குப் பின் ராணுவ மருத்துவமனையில் சில நாள் சோதனை. நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடித்தல், காதுக்குறை, கூடுதல் எடை என்று பலர் விழுவது இங்கே. தகுதியில்லை என்று சொன்னால் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவிடம் போகலாம். சரிசெய்யக்கூடிய சிறு குறைகளைப் பதினைந்து வயதிலேயே ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்வது புத்திசாலித்தனம். மருத்துவத்திலும் தேறியவர்களை எழுத்துத்தேர்வு, எஸ்.எஸ்.பி. மதிப்பெண்களின் கூட்டுத்தொகைப்படி வரிசைப்படுத்தி, இடங்கள் இருக்கும்வரை அழைக்கிறார்கள். பயிற்சியில் காயம்பட்டு, ஊனத்தோடு வெளியேற்றப்பட்ட கேடட்களுக்கு முன்னாள் ராணுவத்தினருக்குரிய உரிமைகள் இல்லை என்ற கொடுமையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளையை நாட்டுக்கு ஒப்படைக்கும் பெற்றோர், அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பெண்களுக்குக் கடக்வாஸ்லா திறந்ததும் நீதிமன்றத்தால்தான். குஷ் கால்ரா தொடுத்த வழக்கில் 2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டிலிருந்து அனுமதிக்கிறோம் என்று அரசு அவகாசம் கேட்டும் நீதிபதிகள் இணங்கவில்லை. அந்தத் தேர்வில் தேறிய 8,009 பேரில் 1,002 பேர் பெண்கள். அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை 19 இடங்கள். ஏன் 19 என்று நீதிமன்றமே கேட்டது. அந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பரங்கிமலையில் பெண்களுக்கான பயிற்சி 1992இலேயே தொடங்கிவிட்டது. கடக்வாஸ்லா அதை எட்ட முப்பது ஆண்டுகள் ஆயின.

இனி பாதைக்கு வருகிறேன். ராணுவ அதிகாரிப் பணியில் சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீடு கிடையாது. மாநிலக் கணக்கும் கிடையாது. அகில இந்தியத் தகுதிப் பட்டியல் ஒன்றுதான். எனவே யாருக்குச் சிறுவயதிலிருந்தே தயாரிப்பு கிடைக்கிறதோ அவர்கள் முன்னே நிற்பார்கள். அந்தத் தயாரிப்புக்கென்றே மத்திய அரசு சில பள்ளிகளை வைத்திருக்கிறது. டேராடூனில் 1922இல் தொடங்கிய ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறது. மாநிலவாரியாக இடம் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கான தேர்வை நடத்துவது நம் டி.என்.பி.எஸ்.சி.தான். எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகரில் 1962இலிருந்து ஒரு சைனிக் பள்ளி இருக்கிறது. அங்கே ஆறாம் வகுப்புக்கான நுழைவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கான தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். பிறகு பதினேழு வயதில் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வுக்கு வந்தால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகிறது. பத்து வயதில் அனுமதித்த தாய்மொழி, ஏழு ஆண்டு கழித்துத் தடைசெய்யப்பட்டுவிடுகிறது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவருக்குக் கணிதத் தாளில் இந்தச் சிக்கலே இல்லை.

அதிகாரிக்கு ஆங்கிலம் வேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயம் வேண்டும். அதற்குத்தான் 200 மதிப்பெண்ணுக்கு ஆங்கிலத்தைத் தனியாகச் சோதிக்கிறார்களே. வகைநுண்கணிதமும் நிகழ்தகவும் தெரிகிறதா என்று பார்க்கும் 300 மதிப்பெண் தாளில் ஏன் மொழியைக் குறுக்கே நிறுத்த வேண்டும்? மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடக்கிறது. காவலராகத் தமிழில் எழுதலாம், அதிகாரியாக எழுதக்கூடாது என்ற நிலை, தமிழ்ப் பிள்ளைகளுக்கு எந்தப் படி என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர் அது. சிப்பாயாகப் போகும் வழி அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாத்தா காலத்திலிருந்தே தெரியும். அதிகாரியாகப் போகும் வழியை யார் அவர்களுக்குச் சொன்னது?

மற்ற மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. மகாராஷ்டிர அரசு 1977இலேயே ஔரங்காபாத்தில், இன்றைய சத்ரபதி சம்பாஜிநகரில், ஓர் உறைவிடத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்போடு சேர்த்து அகாடமித் தேர்வுக்கும் எஸ்.எஸ்.பி.க்கும் தயார்செய்கிறது. பஞ்சாப் அரசு மொகாலியில் மகாராஜா ரஞ்சித் சிங் பெயரில் அப்படியொன்றை 2011இல் தொடங்கியது. பெண்களுக்கும் தனியாக ஒன்று வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் இதே அளவில், இதே ஒருமுகத்தோடு செய்ய வேண்டிய காரியம் இது. பரங்கிமலையில் அகாடமி, வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் கல்லூரியும், அமராவதிநகரில் சைனிக் பள்ளி என்று எல்லாம் நம் மண்ணிலேயே இருக்கும்போது ஆலோசனைக்கு ஓய்வுபெற்ற அதிகாரிகளைத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு நூறு அரசுப் பள்ளி மாணவ மாணவியரைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு வளர்த்தால் போதும். தகுதி மதிப்பெண் நூற்றுக்கு நாற்பது என்பதை மறக்க வேண்டாம்.

அரசு அதைச் செய்கிறவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வின் அறிவிப்பை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. விண்ணப்பக் கட்டணம் நூறு ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் இல்லை. அடுத்த அறிவிப்பு வரும் நாளில் அதை வகுப்பில் உரக்கப் படித்துக்காட்டுங்கள். முதல் பெஞ்சுக்கு மட்டும் கேட்கும்படி படிக்காதீர்கள்.